சொந்த வீட்டில் கட்டுச்சோறு

கட்டுச்சோறு வழிப்போக்கரின் உணவு. புளியோதரையையும் தயிர்ச்சோற்றையும் வாழையிலையில் பொதிந்து, நூலால் கட்டி, இரயில் ஏறும் வழக்கம் நம்மவர் யாவரும் அறிந்ததே. இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்தப் பொட்டலங்களின் மணம் நாள்தோறும் பழக்கமானது. ஊர் போய்ச் சேர்ந்ததும் கட்டுச்சோற்றின் வேலை முடிந்துவிடும். வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் சொந்த வீட்டிற்கே கட்டுச்சோறு கொண்டுபோகும் காலம் ஒன்று உண்டு. பிறந்து வளர்ந்த வீட்டை விற்பதற்காக ஒழித்துத் தரும் காலமே அது.

வெளியூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இக்காலம் வந்திருக்கும். வராதவர்க்கு இனி வரலாம். தந்தை பிழைப்புத் தேடி வந்த ஊரில் ஒரு வீட்டை வாங்குகிறார். மக்கள் வளர்ந்து, தாமும் பிழைப்புத் தேடி வேறு ஊர்களுக்குப் போகின்றனர். வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் கதையும் இதுவே. மட்டாஞ்சேரியில் இருந்த எங்கள் வீட்டைச் சென்ற ஆண்டு விற்றோம். அதற்கு முன் ஆறு வாரம், சனியும் ஞாயிறும், உடன்பிறந்தார் மூவரும் குடும்பத்தோடு அங்கே கூடினோம். அந்நாட்களில் உண்ட எளிய உணவையும், உணவுக்கு இடையே தீர்ந்த காரியங்களையும் இங்கே எழுதுகிறோம். வீட்டை விற்க இருப்பவர்களுக்கு ஓரளவேனும் பயன்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

களமசேரியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு

நாங்கள் இப்போது வசிப்பது களமசேரியில். கொச்சி நகருக்கு வடக்கே உள்ள தொழில் ஊர் இது. அருகே ஏலூரில், பெரியாற்றங்கரையில், 1947-இல் உற்பத்தி தொடங்கிய ‘ஃபாக்ட்’ உரத் தொழிற்சாலை இருக்கிறது. எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலையும், 1971-இல் நிறுவப்பெற்ற கொச்சிப் பல்கலைக்கழகமும் களமசேரியிலேயே உள்ளன. ஆலைச் சங்கு ஒலித்த ஊர் ஆதலால், வேலைக்கு வந்து தங்கியவர்களே இங்கு மிகுதி. தமிழ் பேசும் குரலைத் தெருவுக்குத் தெரு கேட்கலாம்.

மட்டாஞ்சேரி வேறு வகை ஊர். அது மரக்கலங்களால் வளர்ந்த ஊர். 1341-இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் பழைய முசிறித் துறை தூர்ந்து, கொச்சித் துறை திறந்துகொண்டது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பின்னர் மிளகைத் தேடிப் போர்த்துக்கீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயரும் வந்தனர். அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஆனால் வணிகத்தின் பொருட்டு வந்த நம் நாட்டார் பலர் இங்கேயே தங்கிவிட்டனர். கொங்கணி பேசுவோர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், ஆந்திர நாட்டார், தமிழர் எனப் பல இனத்தார் சில சதுர மைல் பரப்புக்குள் வாழ்கின்றனர்.

அவர்களுள் தமிழரும் நெடுங்காலத்தவரே. டச்சுக்காரர் தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து வண்ணார் குடும்பங்களை அழைத்து வந்து குடியமர்த்தினர் என்பர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் கோட்டைக் கொச்சி வேளி மைதானத்தை அடுத்து இன்றும் வாழ்கின்றனர். 1976-இல் அவர்களுக்கென்று கட்டப்பெற்ற ‘தோபி கானா’வில் இன்றும் கல்லில் துணி அறையும் ஓசை கேட்கிறது, கயிற்றில் வெள்ளை வேட்டிகள் வரிசையாக உலர்கின்றன. உள்ளே பேசும் மொழி தமிழ்.

களமசேரியிலிருந்து மட்டாஞ்சேரி செல்வது இப்போது எளிது. 2017-இல் தொடங்கிய மெட்ரோ இரயிலில் ஏறி, எம்.ஜி. சாலையில் இறங்கி, உயர்நீதிமன்றத் துறைக்குப் போனால், கோட்டைக் கொச்சிக்கு ‘வாட்டர் மெட்ரோ’ படகு 2024 முதல் கிடைக்கிறது. படகில் போகும்போது வலப்பக்கம் போல்காட்டியும் வல்லார்பாடமும் தெரியும். இடப்பக்கம் வில்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டிப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய நிலம் அது. அங்கிருந்து சிறிது தொலைவுதான் மட்டாஞ்சேரி. ஆறு சனிக்கிழமைகள் நாங்கள் இவ்வழியே சென்றோம். குழந்தைகள் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சோற்றுத் தூக்கு தாயாரின் மடியில் இருக்கும். வேறு எவர் கையிலும் அதை அவர் தருவதில்லை.

அடுப்பில்லாத சமையலறை

எங்கள் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் மட்டாஞ்சேரிக்கு வந்து, ஒரு மிளகுக் கிடங்கில் நிறுவைக் கணக்கராக அமர்ந்தார். மிளகு வாணிபத்தில் ஒரு லிட்டர் அளவு மிளகு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பது வழக்கம். எடை மிகுந்தால் மணி முற்றியது, குறைந்தால் பொக்கு. ஒரு பிடி அள்ளிக் குலுக்கியே தந்தையார் அதைக் கணித்துவிடுவார். 1957-இல் தோன்றிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் மட்டாஞ்சேரி யூதத் தெருவில்தான் அமைந்தது. அங்கே கூவிய விலை உலகச் சந்தையில் எதிரொலித்த காலத்தில் தந்தையார் பணியாற்றினார். அந்த வருவாயில் மிச்சம் பிடித்து மூன்று சென்ட் நிலத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். நாங்கள் மூவரும் வளர்ந்தது அவ்வீட்டில்தான்.

தந்தையார் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அக்காள் பாலக்காட்டில் வாழ்கிறார். தம்பி கோயம்புத்தூரில் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். தாயார் எங்களோடு களமசேரிக்கு வந்துவிட்டார். பூட்டிய வீட்டை மழை சும்மா விடுவதில்லை. ஓடு நழுவிற்று, சுவரின் அடியில் உப்புப் பூத்தது, உத்தரத்தில் கரையான் ஏறிற்று. ஆண்டுதோறும் பழுது பார்க்கும் செலவு வாடகை வீட்டில் இருப்போர்க்குத் தாங்கக்கூடியதன்று. விற்பது என்று முடிவாயிற்று.

எரிவாயு இணைப்பு தந்தையார் பெயரில் இருந்தது. அதை முதலிலேயே ஒப்படைத்துவிட்டோம். ஆகவே முதற் சனிக்கிழமை நாங்கள் உள்ளே நுழைந்தபோது சமையலறையில் அடுப்பு இல்லை. அது இருந்த மேடையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. அன்று பகல் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, இலை போட்டு, புளியோதரையும் தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் உண்டோம். உணவு குறைவில்லாமல் இருந்தது. ஆயினும் ஒருவரும் பேசவில்லை. “இரயிலில் போகிற மாதிரி இருக்கிறது, ஆச்சி” என்று அக்காளின் சிறிய மகள் சொன்னாள். அவள் மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள். பெரியவர்களுக்கு அது வேறு விதமாகப் பட்டது. நாற்பது ஆண்டுகள் உலை கொதித்த வீட்டில் நாங்கள் அன்று பயணிகளாக இருந்தோம்.

வேலை நிறைய இருந்தது. பித்தளைப் பாத்திரங்களைத் தேய்த்து மூன்று பங்காக வைத்தோம். தந்தையாரின் சிறு தராசு தம்பிக்குப் போயிற்று. அம்மியை அக்காள் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆட்டுக்கல் தரையில் பதித்தது; அதை வீட்டோடு விட்டுவிடத் தீர்மானித்தோம். சமையலறைச் சுவரில் கரித்துண்டால் எழுதிய பால் கணக்கு இருந்தது. வெள்ளையடிப்பதற்கு முன் தாயார் அதை வரி வரியாகப் படித்தார். எதற்கு என்று கேட்டோம். “யாருக்காவது பாக்கி நிற்கிறதா என்று பார்க்கிறேன் அய்யா” என்றார். நிற்கவில்லை என்று உறுதியானபின் ஈரத்துணியால் தாமே துடைத்தார்.

இரண்டாம் வாரம் நாங்கள் கொண்டுபோன இட்லிக்கும் மிளகாய்ப் பொடிக்கும் துணையாக, அயல்வீட்டுச் சேச்சி ஒரு பானை கஞ்சியும், சிறுபயறும், தேங்காய்ச் சம்மந்தியும் அனுப்பினார். பலாவிலையைக் கோட்டி ஈர்க்குக் குத்திய கரண்டிகளையும் மறவாமல் வைத்திருந்தார். சுடுகஞ்சி உள்ளே போனதும் வாய் திறந்தது. பழைய நாட்களைப் பற்றிய பேச்சு அன்றுதான் தொடங்கிற்று. வீட்டை ஒழிக்கச் செல்வோர்க்கு நாங்கள் கூறும் முதல் செய்தி இது: ஒரு வேளையேனும் சூடான உணவுக்கு வழி செய்துகொள்க. ஆறிய சோற்றோடு கடினமான காரியங்களைப் பேசுவது நன்றன்று.

தீ மூட்டாத நாள்

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் யூதத் தெரு இருக்கிறது. அதன் கோடியில் 1568-இல் கட்டப்பெற்ற பரதேசி யூதர் ஆலயமும், 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டும் உள்ளன. தரையில் சீன நாட்டு நீலவண்ண ஓடுகள் பதித்த ஆலயம் அது. 1968-இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வந்திருந்தார். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை கதிரவன் மறைந்தது முதல் மறுநாள் இரவு வரை அவர்கள் தீ மூட்டமாட்டார்கள். வேண்டிய உணவை முன்னதாகவே சமைத்து வைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமைகளில் இன்றும் அவ்வாலயத்தைப் பார்வையாளர் காண முடியாது.

வெள்ளி இரவே சமைத்து, சனிக்கிழமை அடுப்பில்லாமல் உண்ட எங்களுக்கு இவ்வழக்கம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஆனால் அவர்களுக்கு அது விரதம். குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் திருநாள். தீ இல்லாமை அங்கே குறை ஆவதில்லை.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின், சிறப்பாக 1950-களில், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். எஞ்சியோரும் பின்னர்ச் சிறிது சிறிதாகச் சென்றனர். வீடுகளை விற்றார்கள். அவை இன்று நறுமணப் பொருள் கடைகளாகவும், பழம்பொருள் கடைகளாகவும் விளங்குகின்றன. தெருவில் தையல் வேலைக் கடை வைத்திருந்த சாரா கோகன் அம்மையார் 2019-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார். மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் ஆலயத்தின் உட்புற மரவேலைகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, இப்போது ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொச்சியில் நின்ற அதன் கட்டடமோ 2019 மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மரத்தையும் ஓட்டையும் கொண்டுபோகலாம். ஒரு தெருவின் வாழ்க்கையைக் கொண்டுபோக முடிவதில்லை.

மூன்றாம் வாரம் குழந்தைகளை அத்தெருவுக்கு அழைத்துப் போனோம். ஒரு கடையில், ஆள் இறங்கி நிற்கத்தக்க வெண்கல வார்ப்பு ஒன்று காட்சிக்கு இருக்கிறது. ஊர் கூடி உண்ணச் சோறு வடித்திருக்க வேண்டிய பாத்திரம் அது. இப்போது அதன் முன் நின்று வெளிநாட்டார் படம் எடுத்துக்கொள்கின்றனர். “இதில் இனிமேல் சமைக்கமாட்டார்களா?” என்று தம்பியின் மகன் கேட்டான். தாயார் விடை கூறவில்லை. அந்தக் கேள்வி எங்கள் காரியத்தில் எவ்வாறு புகுந்தது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

பத்திரமும் பங்கும்

வீட்டை விற்பதற்கு வாங்குவோர் மட்டும் போதாது, ஆவணங்கள் வேண்டும். கேரளத்தில் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக அவற்றை இங்கே குறிப்பிடுகிறோம். முதலாவது, மூல ஆதாரம். வீட்டுப் பத்திரத்தை இங்கே ஆதாரம் என்பர். இரண்டாவது, கிராம அலுவலகத்தில் நிலவரி கட்டிய ரசீது. மூன்றாவது, வில்லங்கச் சான்று. மலையாளத்தில் இதனைப் பாத்யதா சான்று என்பர். நான்காவது, நிலம் நம் கைவசம் உள்ளது என்று கிராம அலுவலர் அளிக்கும் சான்று. வீட்டுக்கு உரியவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றும் வேண்டும். இதைத் தாசில்தார் அளிப்பார். அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, மறுப்பு உண்டா என்று பார்த்த பின்னரே கொடுப்பதால் காலம் பிடிக்கும். விலை பேசுவதற்கு முன்பே இதற்கு விண்ணப்பித்தல் நலம்.

அதன்பின் நிலத்தைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்கு மலையாளத்தில் ‘போக்குவரவு’ என்று பெயர். இரயில்வேயில் இருப்பவர்களுக்குப் போக்குவரவு என்றால் வண்டிதான் நினைவுக்கு வரும். நிலத்துக்கும் போக்குவரவு உண்டு என்பதைக் கிராம அலுவலகத்தில் அறிந்தோம். எண்ணிப் பார்த்தால் பெயர் பொருத்தமானதே. நிலம் நின்ற இடத்தில் நிற்கிறது. போவதும் வருவதும் மனிதர்கள்.

பங்கு குறித்தும் ஒரு சொல். உயில் எழுதாமல் தந்தை இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, மனைவிக்கும் ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் சமபங்கு உண்டு. அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் உண்டு. எங்கள் வீட்டில் தாயாரும் மூன்று மக்களும். ஆக, நான்கு சமபங்கு. “பெண்ணுக்குத்தான் சீர் செய்தாயிற்றே” என்று உறவினர் ஒருவர் சொன்னார். சீர் வேறு, பங்கு வேறு என்று தாயாரே அவருக்கு விடை கூறினார். பெண்களிடம் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. அயலூரில் வந்து பல நல்ல பழக்கங்களைக் கற்ற நாம், இந்த ஒன்றை விட்டொழிக்கக் கற்க வேண்டும்.

இரண்டு விலை

நான்காம் வாரம் இடர் வந்தது. வீட்டை வாங்க இருவர் முன்வந்தனர். ஒருவர், பயணிகள் தங்கும் விடுதியாக மாற்ற எண்ணியவர். 2012 டிசம்பரில் கொச்சி–முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சி தொடங்கியது முதல், கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் பழைய வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் தேட்டம் மிகுந்துவிட்டது. மற்றவர் எங்கள் தெருவிலேயே நெடுநாள் வாடகைக்கு இருந்த கச்சி மொழி பேசும் குடும்பத்தலைவர். வங்கிக் கடன் பெற்று வாங்க விரும்பினார். விடுதிக்காரர் சொன்ன விலை மூன்று இலட்சம் ரூபாய் கூடுதல்.

அன்று பகல் உணவு எலுமிச்சைச் சோறும் சுட்ட அப்பளமும். அப்பளத்தைச் சேச்சி வீட்டு அடுப்பில் சுட்டு வந்தோம். தம்பி தன் கருத்தை மறைக்கவில்லை. “எனக்குப் பட்டறைக் கடன் இருக்கிறது. மூன்று இலட்சத்தை யாராவது தெருவில் விடுவார்களா? வீட்டை விற்ற பின் அது விடுதியானால் என்ன, கிடங்கானால் என்ன?” என்றான். அவன் கூறியதில் தவறு ஒன்றும் இல்லை. கடன் உள்ளவனுக்கு நினைவுகளைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது. அக்காள் பேசாமல் இருந்தார். அத்தான் எழுந்து வெளியே போனார். நாங்களும் எந்தப் பக்கமும் சாயாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாயார் கேட்டது ஒரே கேள்வி: “அவர் வாங்கினால் இந்த வீட்டில் உலை வைப்பார்களா?”

விடுதியில் தங்குவோர் வெளியே உண்பார்கள் என்றும், சமையலறையை இடித்துக் குளியலறை ஆக்குவதாகவே அவர் கூறினார் என்றும் சொன்னோம். தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் என் பங்கில் மூன்று இலட்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூவரும் கூடுதல் விலைப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள்” என்றார்.

இதற்கு ஒருவரும் உடன்படவில்லை. முதலில் மறுத்தவன் தம்பியே. “அம்மாவின் பங்கில் கைவைத்து எனக்குப் பணம் வேண்டாம்” என்று எழுந்துவிட்டான். இலையில் பாதிச் சோறு இருந்தது. அக்காள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “சோற்றை உண்டுவிட்டுச் சண்டை போடு” என்றார். அவன் உண்டான். அவன் உண்டு முடிப்பதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று இலட்சம் குறைந்தால் நால்வருக்கும் தலைக்கு எழுபத்தையாயிரம் குறையும். தம்பிக்குக் குறையும் எழுபத்தையாயிரத்தை அக்காளும் களமசேரிக் குடும்பமும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. தாயாரும் தமக்குக் குறையும் எழுபத்தையாயிரத்தோடு நிறுத்திக்கொள்ள இசைந்தார். அவர் பங்கு அவர் பெயரிலேயே வங்கியில் இருக்க வேண்டும் என்பதையும் உறுதி செய்தோம். முதுமையில் கையில் காசு இல்லாத தாய், மக்கள் எத்துணை நல்லவராயினும், கேட்டு வாங்கி வாழ வேண்டியவர் ஆகிறார்.

இந்த ஏற்பாடு தொலைபேசியில் நடந்திருக்குமா என்று பல முறை எண்ணிப் பார்த்தோம். நடந்திராது என்றே தோன்றுகிறது. தொலைபேசியில் சினந்தவன் பேச்சை வெட்டிவிட்டுப் போகலாம். இலையின் முன் அமர்ந்தவன், பரிமாறிய சோறு முடியும் வரை இருந்தாக வேண்டும். அந்த ஒரு நாழிகையில் சினம் தணிய இடம் உண்டு. நம் முன்னோர் பந்தியில் பாதியில் எழக்கூடாது என்று வகுத்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மறுவீட்டுச் சொதி

ஆறாம் வாரம் ஞாயிறு கடைசி உணவு. அன்று கட்டுச்சோறு வேண்டாம், வீட்டில் உலை வைக்க வேண்டும் என்று தாயார் விரும்பினார். சேச்சி தம் அடுப்பையும் உருளையையும் தந்து உதவினார். சமைத்தது சொதி. திருநெல்வேலிப் பக்கத்தார்க்குச் சொதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லுகிறோம். தேங்காயைத் திருகி மூன்று முறை பால் எடுப்பார்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் கேரட்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், முருங்கை முதலிய காய்களை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துக் கூட்டி, இறுதியில் முதற்பாலை ஊற்றிக் கொதி வருமுன் இறக்கிவிடுவார்கள். எலுமிச்சைச் சாறு அதன்பின். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். தேங்காய்ப் பால் கனமானது ஆதலால் செரிமானத்துக்கு இஞ்சி துணை.

எங்கள் சீமையில் திருமணத்தின் மறுநாள், மறுவீட்டு விருந்தில், சொதி இடம்பெறும். பெண் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு உரியவள் ஆனதைக் குறிக்கும் விருந்து அது. வீட்டையும் அவ்வாறே ஒப்படைக்க வேண்டும் என்பது தாயாரின் எண்ணம். வாங்கும் குடும்பத்தார் ஐவரையும் அழைத்திருந்தார். அவர்களும் எங்களோடு தரையில் அமர்ந்து உண்டனர். அவ்வீட்டு அம்மையார் சமையலறைக்குப் போய், ஆட்டுக்கல்லைச் சுற்றிப் பார்த்து, அது வேலை செய்யுமா என்று மலையாளத்தில் கேட்டார். தாயார் குழவியைச் சுழற்றிக் காட்டினார். அடுத்த வாரம் பத்திரம் பதிவாயிற்று. கேரளத்தில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 8, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. இச்செலவு வாங்குவோரைச் சேர்ந்தது என்பதால், கடன் பெற்று வாங்குகிறவருக்கு இது சிறிய சுமை அன்று. அவர் அதையும் முகம் கோணாமல் கட்டினார்.

விற்கும் பேறு

வீட்டை விற்பதைத் துயரமாகவே பேசுவது நம்மிடையே வழக்கம். துயரம் இல்லை என்று நாங்களும் கூறமாட்டோம். ஆயினும் நம் இனத்தாருள் விற்கும் பேறுகூடப் பெறாதவர் எத்தனை பேர்! 1964-இல் பர்மாவில் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின், தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினர். 1990-இல் யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்கள், தம் வீடுகள் இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டதால், பல்லாண்டுகள் வாசலைக்கூட மிதிக்க முடியாமல் இருந்தனர். அவர்களுக்குப் பாத்திரம் பங்கிடவோ, பால் கணக்குத் துடைக்கவோ, பந்தியில் அமர்ந்து சண்டையிட்டுச் சமாதானம் ஆகவோ ஆறு வாரம் கிடைக்கவில்லை. சாவியைக் கையால் கொடுத்துவிட்டு வருவது ஒரு பேறு என்று அறிய வேண்டும்.

வீடு இழந்தவர்களும் ஒன்றை இழக்கவில்லை. சென்னைக்குச் சென்றால் பர்மா பஜார்ப் பக்கம் மாலையில் ‘அத்தோ’ என்னும் பர்மிய உணவை விற்பார்கள். வேகவைத்த நூடுல்ஸில் கோசும் வெங்காயமும் புளிநீரும் கலந்து கையால் பிசைந்து தருவார்கள். அங்கிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த உணவு அது. இரங்கூனில் அவர்கள் வாழ்ந்த தெருக்கள் இப்போது அவர்களுடையவை அல்ல. உண்ட உணவு அவர்களோடு வந்துவிட்டது. பேரப்பிள்ளைகளும் அதை உண்கிறார்கள்.

எனவே வீட்டை விற்க இருக்கும் அன்பர்களுக்கு நாங்கள் கூறுவது இதுவே. ஆவணங்களை முன்கூட்டியே தேடி வையுங்கள். பெண்மக்களின் பங்கையும் தாயின் பங்கையும் குறைக்காதீர்கள். தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பணத்தை மட்டும் வங்கியில் பெற்றுக்கொள்ளாதீர்கள். சில வாரங்கள் சென்று, உடன்பிறந்தாரோடு அவ்வீட்டில் உண்ணுங்கள். விருந்து வேண்டாம், தயிர்ச்சோறு போதும். எதை யாருக்குக் கொடுப்பது, எதை விடுவது என்பதெல்லாம் அந்தச் சோற்றைச் சுற்றி அமர்ந்து முடிவாகட்டும். வீடு கைமாறிய பின்னும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் யாராவது ஒருவர் வீட்டில் அதே உணவைச் சமைத்து ஒரே வரிசையில் அமருங்கள். களமசேரியாயினும், கோவையாயினும், கடல் கடந்த நாடாயினும், அந்த வரிசை அமைகிற இடமே நம் பிள்ளைகளுக்குத் தந்தை வழி வீடாகும்.